ஆடியோ அறுந்து போகவில்லை, அதுதான் பாட்டு!

வணக்கம் நண்பர்களே. முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன், கிதார் அப்புறம். போன வீடியோவில் என் மெட்டல் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டிலிருந்து ஒரு துண்டு போட்டேன் அல்லவா? கீழே பாதிப் பேர், "அண்ணா, ஆடியோ விட்டு விட்டு வருகிறது, மறுபடியும் ஏற்றுங்கள்" என்கிறீர்கள். இணையத்தை மாற்றச் சொல்லி அறிவுரை வேறு! அந்த வெட்டுகள் நான் வேண்டுமென்றே வைத்தவை.

1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகும் இரவு. நம் ஜவ்வாது மலைக் காவலூரிலும் ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். எதிர்பாராத நேரத்தில் நட்சத்திர ஒளி குறைந்து மீண்டது அங்கேயும் பதிவானது. விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவுக்கு, கோள் மறைக்கும் முன் ஐந்து மங்கல், விலகிய பின் ஐந்து மங்கல். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று அப்படித்தான் தெரிந்தது. வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர். அன்று நம் வட ஆற்காடு மாவட்டம். இதற்குப் பாட்டு கட்டாமல் எதற்குக் கட்டுவது?

ஆகவே முதல் பாதியில் ஐந்து வெட்டு, பின்பாதியில் அதே ஐந்து தலைகீழ் வரிசையில். நடுவே கோள் முழுதாக மறைக்கும் இடத்தில் கிதாரே கிடையாது, தாழ்ந்த ஒலி தரும் பேஸ் மட்டும்.

பொறுங்கள், காட்பாடிக்கு ரயில் வருகிறது... ம், போய்விட்டது.

சத்தம் குறைந்ததும் ஒலியைத் தானே அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போட்டு வெட்டலாமே என்பீர்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. உள்ளங்கை விளிம்பால் தந்தியை அடைத்தால் 'டப்' என்று ஒரு சிறு சத்தம் விட்டு அடங்கும். அந்த 'டப்' எனக்கு வேண்டும்.

அடடா, தந்திக் கதையைச் சொல்லவே இல்லையே! என்னுடையது ஏழு தந்தி கிதார், அதில் ஏழாவது தந்தி அறுந்துவிட்டது. ஊரில் ஒரு கடைக்காரர், "கிதாருக்கு ஆறு தந்திதானே தம்பி?" என்று என்னையே திருத்துகிறார். கடைசியில் சென்னையிலிருந்து வரவழைத்தேன். தந்தி 240 ரூபாய், கூரியர் 150 ரூபாய்! ஒற்றைத் தந்திக்கு! உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதோடு முடிந்ததா? மொட்டை மாடி அறையின் வெயிலில் எஃகு நீண்டு சுருதி இறங்கிக்கொண்டே போகிறது. இரவில்தான் பதிவு.

தாளத்தை விட்டுவிட்டேன் பாருங்கள். யுரேனஸ் தன்னைத்தானே சுற்ற 17 மணி நேரத்துக்குச் சற்று மேல், ஆகவே 17/8, அதாவது ஒரு சுற்றுக்கு 17 தட்டு. தகதிமி மூன்று முறை, பிறகு ஒரு தகதகிட. இன்னொன்று: அந்த ஐந்தில் வெளி வளையம் (முதல் வெட்டும் கடைசி வெட்டும் அதுதான்) சரியான வட்டம் இல்லை. ஓரிடத்தில் 20 கிலோமீட்டர் அகலம், வேறிடத்தில் 96. அதனால் முதல் வெட்டு ஒரு தட்டு, கடைசி வெட்டு மூன்று தட்டு. எனக்குப் பெருமை இதில்தான், ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நிஜ டிரம்ஸ் இல்லாமல் மெட்டலா என்பவர்களுக்கு: கனடாவின் டெவின் டவுன்சென்ட் 2007இல் 'ஜில்டாய்ட்' ஆல்பத்துக்கு மென்பொருள் டிரம்ஸ்தான் வைத்தார். காபி கேட்டுப் பூமிக்கு வரும் வேற்றுக்கிரகவாசியின் கதை. காபிக்காகப் படையெடுப்பவனை என்னால் வெறுக்க முடியாது.

முழுப் பாட்டு ஞாயிறு இரவு. நான்காவது, 1988இல் காவலூரில் கண்டுபிடித்த ராமானுஜன் சிறுகோள் பற்றியது. ராமானுஜன் எண் என்று 1729 தட்டுக்குத் தாளம் கட்டச் சொல்லி யாரும் எழுதாதீர்கள். ஏற்கெனவே அந்தக் கணக்கில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.