முகம் திரைக்கு, பேனா தனக்கு

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்கப் பாடகி ஒலிவியா ரொட்ரிகோவைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். விருதுக் கணக்கை முதலிலேயே முடித்துவிடுகிறேன். 2022-இல், இசைக்கான கிராமி விருது விழாவில் மூன்று. சிறந்த புதுமுகம் அதில் ஒன்று. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. மற்றவர்கள் எழுதித் தந்த வசனத்தைப் பேசி வளர்ந்த ஒரு பிள்ளை, தன் சொல்லைத் தானே எழுத வந்த கதை அது.

2003-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். 2016-இல் டிஸ்னி சேனலின் ‘பிசார்ட்வார்க்’ தொடரில் நடிக்கக் கிட்டார் தெரிய வேண்டியிருந்தது, அதற்காகவே கற்றுக்கொண்டார். வேடம் கலைந்தது, கிட்டார் கையிலேயே தங்கிவிட்டது. 2019-இல் ‘ஹை ஸ்கூல் மியூசிக்கல்’ தொடரில் நீனியாக நடித்தார். அதில் நீனி பாடும் ‘ஆல் ஐ வான்ட்’ ஒலிவியாவே எழுதிய பாட்டு. அமெரிக்காவில் வாரம்தோறும் முன்னணிப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் அவர் பெயர் முதலில் ஏறியது அந்தப் பாட்டால்தான்.

அடுத்து ‘டிரைவர்ஸ் லைசென்ஸ்’. இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். பாட்டு எப்படித் தொடங்குகிறது, நினைவிருக்கிறதா? காருக்குள் கேட்குமே, ‘டிங் டிங்’ என்ற எச்சரிக்கை மணி, அதுதான். அந்த மணியே கண்மூடித் திறப்பதற்குள் பியானோவின் ஒற்றைச் சுரமாகிவிடுகிறது. லைசென்ஸ் வாங்கியதும் உன் வீட்டுக்கு ஓட்டி வருவேன் என்று அவனிடம் பேசி வைத்திருந்த பெண். லைசென்ஸ் வந்துவிட்டது, அவன் இல்லை. புறநகர்த் தெருக்களில் அழுதபடி ஓட்டிப் போகிறாள். பாட்டின் உச்சத்தில், சிவப்பு விளக்கு, நிறுத்தப் பலகை, வெள்ளைக் கார் என்று எதைப் பார்த்தாலும் அவன் முகம். வண்டி ஓட்டப் பழகும்போது கண் எதையெல்லாம் கவனிக்கப் பழகியதோ, அதிலெல்லாம் இப்போது அவன் இருக்கிறான். இந்த இடத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இசைத் தயாரிப்பாளர் டேன் நிக்ரோவோடு சேர்ந்து ஒலிவியா எழுதிய இந்தப் பாட்டு 2021 ஜனவரி 8 அன்று வெளிவந்தது. அப்போது ஒலிவியாவுக்கு வயது 17. ஹாட் 100-இல் வந்த வேகத்தில் முதலிடம்; எட்டு வாரம் அங்கேயே இருந்தது.

மே மாதம் அவருடைய முதல் ஆல்பம் ‘சவர்’ வந்தது. புகழோடு ஒரு புகாரும் வந்தது: இந்த மெட்டு அதைப்போல் இருக்கிறது, அந்த மெட்டு இதைப்போல் இருக்கிறது என்றார்கள். ‘குட் ஃபார் யூ’ பாட்டில் பாரமோர் என்ற ராக் குழுவின் இருவரும், ‘டெஜா வூ’ பாட்டில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் உள்ளிட்டோரும் பின்னால் ஆசிரியர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். பிரிட்டிஷ் ராக் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் இசையைப் போலவே இருக்கிறது என்று இன்னொரு பாட்டைச் சுட்டியபோது, ராக் இசை இப்படித்தான் வளர்கிறது என்று அந்த மூத்தவரே ஒலிவியா பக்கம் நின்றார். என் கருத்தும் அதுவே. கேட்டு வளர்ந்தவர் குரலில் கேட்டது கொஞ்சம் தங்கத்தான் செய்யும். முன்னோடிக்கு உரிய பெயரைக் கொடுத்துவிடலாம். அதற்காக எழுதிய பெண்ணைத் திருடி என்று ஏசுவது அநியாயம்.

இன்னொன்றையும் இங்கே பாட்டு எழுதுகிற பிள்ளைகள் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். கெஃபன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டபோதே, ஒலிவியா தன் மூல ஒலிப்பதிவுகளின் உரிமை தன்னிடமே இருக்கும்படி பேசி வாங்கினார். தன் பழைய பதிவுகளின் உரிமை பிறர் கைக்குப் போய் ஸ்விஃப்ட் பட்ட பாடு ஒலிவியாவின் கண்முன் இருந்தது. அந்த வயதில் எத்தனை பேர் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தைப் படிப்பார்கள்?

2023 செப்டம்பரில் இரண்டாவது ஆல்பம் ‘கட்ஸ்’ வந்தது. அதன் உலகப் பயணம் 2024 அக்டோபரில் பிலிப்பைன்ஸை அடைந்தது. அவருடைய கொள்ளுத்தாத்தா அங்கிருந்து அமெரிக்கா போனவர். அங்கே பிலிப்பைன் அரீனா என்ற அரங்கில் எல்லா இருக்கைக்கும் ஒரே விலை, 1,500 பெசோ. செலவு போக மிஞ்சியது அந்த நாட்டுப் பெண்களின் உடல்நலப் பணிக்குப் போனது. முன்வரிசையில் நின்றவருக்கும் கடைசி வரிசையில் நின்றவருக்கும் அன்று ஒரே சீட்டு. காரின் மணி பியானோவாக மாறும் அந்தப் பாட்டை இருவரும் சேர்ந்தே பாடினார்கள்.