பெப்பர் இறங்கியது நியாயமா?

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

அமெரிக்காவில் 1967-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ரோலிங் ஸ்டோன்’ என்னும் இசை இதழ், 2003-ஆம் ஆண்டு 500 தலைசிறந்த ஆல்பங்களின் பட்டியலை வெளியிட்டது. இசைக் கலைஞர்கள், விமர்சகர்கள், இசைத்தட்டு நிறுவனத்தார் என 273 பேரிடம் தங்களுக்குப் பிடித்த ஆல்பங்களை வரிசைப்படுத்தி எழுதச் சொல்லி, அந்த வரிசைக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டி எடுத்த பட்டியல் அது. அதில் முதலிடம் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக் குழுவினரின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்துக்குக் கிடைத்தது. 2020-இல் அதே இதழ் புதிதாக வாக்கெடுத்துப் பட்டியலை மாற்றி அமைத்தபோது பெப்பர் 24-ஆம் இடத்துக்கு இறங்கியது. முன்பு ஆறாம் இடத்தில் இருந்த, அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கு ஏறியது. இந்த மாற்றம் நியாயமா என்பதுதான் பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் உள்ள எங்கள் நண்பர்கள் கூடும்போதெல்லாம் கிளம்புகிற வழக்கு. நியாயம்தான் என்பது என் கட்சி. அதற்கான காரணங்களை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வடசென்னையில் இந்த வழக்குக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிடாரையும் மேற்கத்திய நடன இசையையும் இந்தப் பக்கத்து மக்களின் காதுக்கு எப்போதோ பழக்கிவிட்டன. துறைமுகத்தை ஒட்டிய பர்மா பஜாரில் வெளிநாட்டு கேசட்டுகள் கிடைத்தன. 1985-இல் தீக்கிரையாகும் வரை மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டுகளைப் பேரம் பேசி வாங்க முடிந்தது. ஆகவே இது எங்களுக்கு இரவல் விவகாரம் அல்ல.

ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் நண்பர் ஒருவர் பெப்பரின் பக்கம் உறுதியாக நிற்பவர். அவருடைய வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அன்று. நான்கே தடங்கள் கொண்ட ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, ஒரு தடத்தின் மேல் இன்னொன்றை ஏற்றி, நாற்பது பேர் கொண்ட வாத்தியக் குழுவின் ஓசை கீழ்ச்சுரத்திலிருந்து மேல்சுரம் வரை பெருகி எழும்படி 1967-இல் அவர்கள் செய்துகாட்டியது உண்மையிலேயே ஒரு சாதனைதான். பாடல் வரிகளை உறையிலேயே அச்சிட்டு, இதைப் படித்துக்கொண்டே கேளுங்கள் என்று கேட்பவர்களை நிமிர்ந்து உட்கார வைத்ததும் அந்த ஆல்பம்தான். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் லண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர்களோடு, வில்லால் வாசிக்கும் தில்ரூபாவும் தபலாவும் ஒலிக்க அமைத்த பாடல், இரண்டாம் பக்கத்தின் முதல் பாடலாக அதில் இருக்கிறது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் மனம் அதை முதலிடத்தில் வைக்க இடம் கொடுக்கவில்லை. கற்பனையான ஒரு பேண்டு வாத்தியக் குழு நடத்தும் கச்சேரி என்ற பாவனையில் தொடங்கும் அந்த ஆல்பம், இரண்டாவது பாடலோடு அந்தப் பாவனையைக் கைவிட்டு, முடிவுக்குச் சற்று முன்புதான் மீண்டும் அதை எடுத்துக்கொள்கிறது. இடையில் வருபவை தனித்தனியே அழகான பாடல்கள். அவற்றைச் சேர்த்துக் கட்டும் நார் மெல்லியது.

மார்வின் கேயின் ஆல்பத்தில் அந்த நார் அறுவதே இல்லை. 1971-இல் வெளிவந்த அந்த இசைத்தட்டின் முதல் பக்கத்தில் ஆறு பாடல்கள் இருக்கின்றன. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் தெரியாதபடி அவை ஒன்றுக்குள் ஒன்று வழிந்து செல்கின்றன. ஆல்பத்தின் தொடக்கத்தில் பாட்டு இல்லை. தெருமுனையில் நண்பர்கள் சந்தித்துக்கொள்ளும்போது எழும் நலம் விசாரிப்பும் சிரிப்பும் முதலில் கேட்கின்றன. அந்தக் குரல்களுக்கு மேலே ஒரு சாக்ஸபோன் மெல்ல எழுகிறது. அதன் அடியில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிடார், பாடகருக்குத் துணையாக நடந்துவரும் இன்னொரு மனிதரைப் போல, தனக்கென்று ஒரு மெட்டை வாசித்தபடி வருகிறது. பிறகு மார்வின் கேயின் குரல் வருகிறது. வெவ்வேறு முறை பாடிப் பதிவு செய்த இரண்டு குரல்தடங்கள் ஸ்டுடியோவில் தற்செயலாக ஒன்றாக ஒலித்தபோது, அந்த ஒலி அவருக்குப் பிடித்துப்போய் அதையே வைத்துக்கொண்டார். ஒரே மனிதர் தமக்குத் தாமே பதில் சொல்லிக்கொள்வது போன்ற அந்தப் பாடுமுறையை இரவில், விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

இந்த ஆல்பம் எளிதில் வெளிவந்துவிடவில்லை. அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்டுவந்த மோட்டவுன் நிறுவனத்தின் தலைவர் பெர்ரி கோர்டி இப்படிப்பட்ட பாடலை வெளியிட விரும்பவில்லை. இது வெளிவராவிட்டால் வேறு எதையும் பாடமாட்டேன் என்று மார்வின் கே உறுதியாக நின்றார். முதல் பாடல் மட்டும் ஜனவரியில் தனித்தட்டாக வந்து நன்றாக விற்ற பிறகுதான் முழு ஆல்பத்துக்கு வழி பிறந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அவருடைய தம்பி சொன்ன செய்திகள் அந்தப் பாடல்களில் ஊறிக் கிடக்கின்றன. ஊர் திரும்பிய போர்வீரன் ஒருவன், வேலை எதுவும் கிடைக்கவில்லையே, ஊரில் என்னதான் நடக்கிறது என்று நண்பனிடம் விசாரிப்பதாகவே இரண்டாவது பாடல் அமைந்திருக்கிறது. இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். அதுவரை மோட்டவுன் ஆல்பங்களின் உறையில் வாத்தியக்காரர்களின் பெயர் அச்சாகாது. இந்த ஆல்பத்தில்தான் அவர்கள் பெயர் வந்தது. வயலினும் தபேலாவும் வாசித்தவர்களின் பெயரைத் தேடித் தேடித் திரைப்பாடல் கேசட்டு உறைகளைப் புரட்டிப் பார்த்து ஏமாந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதல் பக்கத்தின் கடைசிப் பாடல் சூழலைப் பற்றியது. கடலில் எண்ணெய் கொட்டப்படுகிறது, மீனில் பாதரசம் ஏறிவிட்டது, காற்றில் நஞ்சு கலந்துவிட்டது என்று அந்தப் பாடல் முறையிடுகிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, கரையோரப் பாறைகளுக்கிடையே தார்க்குழம்பு போலத் திரண்ட கசடை வாளி வாளியாகக் கையாலேயே அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்புகளுக்குள் புகுந்து, படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. காசிமேட்டு நண்பர் ஒருவருக்கு இந்தப் பாடலை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். “இது எந்த வருசத்துப் பாட்டு, சார்?” என்று கேட்டார். சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மறுபடியும் போடச் சொன்னார். இத்தனை கொடிய செய்தியை அந்தப் பாடல் கோபக் குரலில் சொல்லவில்லை. இதமான மெட்டில், கெஞ்சும் குரலில் சொல்கிறது. சொற்கள் நின்ற பிறகு, கடைசிச் சில நொடிகளில் மட்டும் இசை திடீரென்று இருண்டுவிடுகிறது. அந்த இருட்டுக்காகவே முதலிடத்தைக் கொடுக்கலாம் என்று நண்பர்களிடம் பலமுறை வாதிட்டிருக்கிறேன்.

புதிய பட்டியலின் எல்லா மாற்றத்தையும் நான் ஏற்கிறேன் என்பதில்லை. பழைய முதல் பத்தில் பீட்டில்ஸின் ஆல்பங்கள் மட்டும் நான்கு இருந்தன, பெண் கலைஞர் ஒருவர்கூட இல்லை. புதிய பத்தில் ஜோனி மிட்சலும் லாரின் ஹில்லும் இடம்பெற்றது காலம் கடந்து கிடைத்த நீதி. ஆனால் ஜாஸ் இசைக் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவுசெய்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, 12-ஆம் இடத்திலிருந்து 31-க்குத் தள்ளப்பட்டதை என்னால் ஏற்க இயலவில்லை. சுருக்கமான குறிப்புகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இரண்டே நாள் பதிவில், ஒரு சுர வரிசையிலேயே நின்று நிதானமாக அதை விரித்துக் காட்டும் அந்த வாசிப்பு, ராக ஆலாபனை கேட்டு வளர்ந்த காதுக்கு அந்நியமாகவே படாது.

எங்கள் கூட்டத்தில், கானா கச்சேரிகளில் தாளம் வாசிக்கும் வியாசர்பாடி இளைஞர் ஒருவருக்கு வேறொரு குறை. ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பாடகி எம்.ஐ.ஏ., தம் தாயின் பெயரைச் சூட்டி 2007-இல் வெளியிட்ட ‘கலா’ ஆல்பத்தில் உறுமி மேளம் முழங்குகிறது. அதன் பதிவில் ஒரு பகுதி சென்னையில் நடந்தது. இடையில் 2012-இல் ஒருமுறை திருத்தப்பட்ட ரோலிங் ஸ்டோன் பட்டியலில் அது வெகு பின்னால்தான் இடம்பெற்றது. “நம்ம மேளத்த உலகமே கேட்டு ஆடுச்சு, அண்ணே. அத முன்னால வைக்க மனசு வரலையே” என்பார் அவர். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ வாக்களித்தவர்களின் காதுக்கு எட்டியிருந்தால் அதுவும் இந்தப் பேச்சில் வந்திருக்கும். சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்படும் கானாவோ இசைத்தட்டுக்கென்று பிறந்ததே அல்ல. ஆல்பங்களை எண்ணும் எந்தப் பட்டியலிலும் அதற்கு இடமிருக்காது.

என்னிடம் வாக்குச்சீட்டு தரப்பட்டிருந்தால் முதலில் மார்வின் கே, இரண்டாவது மைல்ஸ் டேவிஸ், மூன்றாவது ஜோனி மிட்சலின் ‘ப்ளூ’ என்று எழுதியிருப்பேன். இரண்டு பட்டியல்களிலும் இரண்டாம் இடத்தை விட்டு அசையாத பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ எனக்கு நான்காவதுதான். மூன்றாம் இடத்தையாவது பெப்பருக்குத் தாருங்கள் என்று ஐ.சி.எஃப். நண்பர் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஜோனி மிட்சலை இறக்க எனக்குச் சம்மதமில்லை. ஐந்தாம் இடம் வரை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.