ஒரே ரீட், ஒரே ரைட்: கேர்னல் கொடுக்கிற வாக்கு

(திரையில்: கல்லடிப் பாலம், மாலை. பிறகு மடிக்கணினி.)

வணக்கம், மட்டக்களப்பிலிருந்து கதைக்கிறேன். எங்கள் மாமா ஒரு அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர். வடமோடிக் கூத்து அரங்கேற்றத்தின் ஒலிப்பதிவுகளைப் பென் டிரைவில் தந்தார். ஒவ்வொரு கோப்புக்கும் ஊர், கூத்து, ஆடினவர்கள் என்று நீளமாகத் தமிழில் பெயர், கடைசியில் மட்டும் ‘பகுதி 1’, ‘பகுதி 2’, ‘பகுதி 3’. பென் டிரைவிலிருந்து நேரே கேட்டால் மத்தளம் கணீரென்று கேட்கிறது, என் லினக்ஸ் மடிக்கணினிக்குள் கொப்பி பண்ணப் போனால் ‘கோப்பின் பெயர் மிக நீளம்’ என்கிறது.

ஏன் என்று பார்ப்போம்.

(திரையில்: ஓப்பன், ரீட், ரைட், குளோஸ்)

பாட்டுப் போடுகிற மென்பொருளுக்கு இது பென் டிரைவா, ஹார்ட் டிஸ்க்கா, வேறு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக வருகிறதா என்று தெரியாது, தெரியவும் தேவையில்லை. ரீட் என்று கேட்கும், பைட்டுகள் வரும். இயங்குதளத்தின் மையப்பகுதியான கேர்னலுக்குள், ஒவ்வொரு கோப்பு முறைமையும் (டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கிற முறை) ‘ரீட் என்று வந்தால் என்னுடைய இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு’ என்று ஓர் அட்டவணையை நிரப்பிக் கொடுத்துவிடுகிறது. 1980களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இதை ‘விநோட்’ என்ற பெயரில் செய்தது, சொந்த டிஸ்க்கும், நெட்வொர்க் வழியாகக் கோப்பு தருகிற என்எஃப்எஸ்ஸும் மேலேயிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கவேண்டும் என்பதற்காக. லினக்ஸில் அந்த அடுக்கின் பெயர் விஎஃப்எஸ், அதாவது வர்ச்சுவல் ஃபைல் சிஸ்டம்.

சரி, அட்டவணை போடுவது சுலபம். எல்லோருடைய ரீட்டுக்கும் ஒரே அர்த்தம் இருக்கவேண்டுமே, அதுதான் கஷ்டம்.

(திரையில்: டெர்மினல்)

இதைப் பாருங்கள். ரீட்டிடம் 4096 பைட் கேட்கிறேன். பெரிய கோப்பு என்றால் 4096 வரும். இப்போது விசைப்பலகையிலிருந்து படிக்கச் சொல்லி ‘வணக்கம்’ என்று அடித்து என்டர் தட்டுகிறேன், வந்தது 22 தான். எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதுகிற யூடிஎஃப்-8 முறையில் ஏழு குறியீடுகள் (புள்ளியும் தனிக் குறியீடு), ஒவ்வொன்றும் 3 பைட், என்டருக்கு ஒன்று. இது பிழை இல்லை. ‘கேட்டதுக்கு மேலே தரமாட்டேன், குறையத் தரலாம், 0 தந்தால் முடிந்தது’ என்றுதான் ரீட்டின் வாக்கே இருக்கிறது. கோப்பு, ஒரு மென்பொருளின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கிற பைப், டெர்மினல் மூன்றும் பொய் சொல்லாமல் காப்பாற்றக்கூடிய அளவுக்கு அகலமாக எழுதிய வாக்கு அது, எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

இனி மாமாவின் கோப்புகள். பென் டிரைவில் இருக்கிற கோப்பு முறைமை ஃபாட்32, அது பெயரை யூடிஎஃப்-16 என்ற இன்னொரு முறையில் 255 அலகுகள் வரை வைக்கும், ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஓர் அலகு. என் டிஸ்க்கில் இருக்கிற எக்ஸ்ட்4 255 பைட் என்று கணக்குப் பார்க்கும். ‘மட்டக்களப்பு’ அங்கே 12 அலகு, இங்கே 36 பைட். ஆங்கிலப் பெயருக்கு இரண்டு கணக்கும் ஒன்றுதான், தமிழில் 85 குறியீட்டோடு இடம் முடிந்துவிடும்.

இந்த வித்தியாசத்தை ரீட், ரைட் என்ற இந்தப் பொது இடைமுகம் மறைக்கலாமா? பெயரை 255இல் வெட்டிவிட்டு ‘சரி’ என்று சொல்லியிருக்கலாம், கொப்பி சத்தமில்லாமல் முடிந்திருக்கும். ஆனால் என் கோப்புகளில் வித்தியாசம் இருப்பதே கடைசியில். வெட்டினால் மூன்று பகுதிக்கும் ஒரே பெயர், ஒன்றின்மேல் ஒன்று எழுதி, இரண்டு பகுதி போயிருக்கும். அதனால்தான் இந்தப் பிழைக்கென்று கேர்னலில் தனி எண் இருக்கிறது, ஒரு கோப்பு முறைமையில் பெயர் எவ்வளவு நீளம் போகலாம் என்று முன்கூட்டியே கேட்க ‘பாத்கான்ஃப்’ என்ற ஃபங்ஷனும் இருக்கிறது. கொப்பி பண்ணும் மென்பொருள் எழுதுகிறவர்களே, தயவுசெய்து அதைக் கேளுங்கள்.

(திரையில்: ஃபோல்டர்கள்)

255 என்பது ஒவ்வொரு ஃபோல்டர் பெயருக்கும் தனித்தனி. அதனால் ஊரை ஒரு ஃபோல்டராக, அதற்குள் கூத்தை ஒரு ஃபோல்டராகப் போட்டேன். அப்புறம் மூன்று பகுதியும் வந்து சேர்ந்தன. இரண்டாவதில் மாமா தாளக்கட்டுச் சொல்கிற இடம் இது, கேளுங்கள்.