ஐம்பது வயதுக்கு மேல் காலுக்கு வலு

நேயர்களுக்கு வணக்கம்.

ஐம்பதைத் தாண்டியவர்களிடம் உடற்பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் "காலையில வாக்கிங் போறேன்" என்றுதான் பதில் வரும். நல்ல பழக்கம். இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனால் அதே மனிதர் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கையை ஊன்றுகிறார். பேருந்தில் ஏறக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்கிறார். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறவருக்கே ஏன் இப்படி?

காரணம் தசையில் இருக்கிறது. முப்பது வயதுக்குப் பிறகு, வலுப் பயிற்சி எதுவும் இல்லாதவர்களுக்குப் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. எடை பார்க்கும் மெஷினில் இது தெரியாது. தசை குறைந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்வதால் கிலோ அப்படியே இருக்கும். நம் தசையில் இரண்டு வகை இழைகள் உண்டு. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைப்பவை ஒரு வகை, சட்டென்று சுருங்கி அதிக விசை தருபவை இன்னொரு வகை. வயதாகும்போது அதிகமாக மெலிவது இந்த இரண்டாவது வகைதான். கல் தடுக்கும்போது மறு காலைச் சட்டென்று முன்னே வைத்து விழாமல் தாங்குவதும் இதே இழைகள்தான். சமதரையில் நிதானமாக நடக்கையில் அவற்றுக்கு வேலையே குறைவு. அதனால்தான் வாக்கிங் போகிறவரின் கால்கூட வலு இழக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நடையோடு நிற்கவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்ற வரியை எல்லோரும் சொல்கிறோம். அதே வழிகாட்டுதலில், வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகளுக்கு வலுப் பயிற்சி, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி என்றும் இருக்கிறது. அந்த இரண்டும்தான் நம்மிடம் விட்டுப்போகின்றன.

"இந்த வயசுல தசை வளருமா?" என்று கேட்பீர்கள். வளரும். 1990-இல் மரியா ஃபியாட்டரோனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் இருந்த பத்துப் பேருக்கு எடை தூக்கும் கால் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் சராசரி வயது 90. எட்டு வாரத்தில் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்பும் சுமார் 9 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில் இது நடந்தது. ஆகவே ஐம்பத்தைந்தில் இருப்பவர் வயதைச் சொல்லித் தள்ளிப்போட வேண்டியதில்லை.

முதலில் உங்கள் கால் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். கை வைக்காத, சுமார் 17 அங்குல உயரமுள்ள நாற்காலி ஒன்று வேண்டும். அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மொசைக் தரையிலும் டைல்ஸிலும் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிப் பின்னால் போய்விடும். இதில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் அடிபடுகிறார்கள். இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். யாராவது கடிகாரம் பார்த்துச் சொல்லட்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முதியோர் விழுவதைத் தடுக்கப் பயன்படுத்தும் சோதனை இது. 60 முதல் 64 வயது வரை ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12. 70 முதல் 74 வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10. இதற்குக் கீழே வந்தால் விழும் ஆபத்து கூடுதல் என்று கொள்கிறார்கள். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம். பயப்பட வேண்டாம், அங்கிருந்தே தொடங்கலாம்.

சோதனையாக இருக்கும் இதே அசைவுதான் முதல் பயிற்சியும். ஆனால் செய்கிற விதம் வேறு. இங்கே வேகம் வேண்டாம். நாற்காலியின் முன் பாதியில் உட்காருங்கள். பாதங்கள் இடுப்பகலத்துக்கு இருக்கட்டும். குதிகாலை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். பாதம் முன்னால் நீண்டிருந்தால் எத்தனை முயன்றாலும் எழ முடியாது. "என்னால முடியல" என்கிறவர்களில் பாதிப்பேருக்குப் பாதம் இருக்கும் இடம்தான் பிரச்சினை. முதுகை நேராக வைத்தபடி, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் வரை இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். குதிகாலால் தரையை அழுத்தி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழுந்து நில்லுங்கள். முழுதாக நிமிர்ந்த பிறகு, மூன்று எண்ணியபடி மெதுவாக இறங்குங்கள். நாற்காலியில் பொத்தென்று விழக் கூடாது. இறங்குகிற அந்த மூன்று விநாடியில்தான் தொடைத் தசைக்குப் பாதி வேலை நடக்கிறது.

தப்பு நேர்கிற இடங்கள் சில உண்டு. எழும்போது இரண்டு முட்டியும் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கி வரும். இடுப்பின் பக்கத் தசை வலுவில்லாததால் வருவது இது. முட்டி, காலின் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மூச்சை அடக்கிக்கொண்டு எழுவது. அப்படிச் செய்தால் ரத்த அழுத்தம் அந்தக் கணத்தில் வெகுவாக ஏறும். பிரஷர் உள்ளவர்கள் இதில் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக வெளியேறிவிடும்.

எட்டு தடவை ஒரு சுற்று. ஒன்றரை நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். தசை பழுது பார்த்துக்கொண்டு வளர்வது அந்த ஓய்வு நாளில்தான், அதனால் தினமும் வேண்டாம். எட்டாவது தடவை முடிக்கையில் இன்னும் இரண்டு மட்டும் முடியும் என்று தோன்ற வேண்டும். இன்னும் பத்து முடியும் என்றால் பளு போதவில்லை. ஏழிலேயே கால் நடுங்கினால் அதிகம். அதிகமாக இருந்தால் மடித்த போர்வையை இருக்கையில் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். ஒரு சுற்றில் பதினைந்து சுலபமாக வந்துவிட்டால், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு எட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள். மாதக்கணக்கில் அதே எண்ணிக்கை, அதே உயரம் என்று செய்துகொண்டிருந்தால் முன்னேற்றம் நின்றுபோகும். பலர் சலித்து விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

கூடவே மூன்று சின்னப் பயிற்சிகள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி, விரல் நுனியில் நின்று இறங்குவது பத்துத் தடவை, இது கெண்டைக்காலுக்கு. சுவரில் கை ஊன்றி, நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் தள்ளி வருவது பத்துத் தடவை, தோளுக்கும் கைக்கும். பிறகு சமநிலை: ஒரு பாதத்தின் குதிகால் மற்ற பாதத்தின் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் வைத்து, பத்து விநாடி நிற்பது. மேடையை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருங்கள். இதைத் தினமும் செய்யலாம்.

முட்டி வலி உள்ளவர்கள் நிறையப் பேர் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். தேய்மானம் என்று சொன்ன நாளிலிருந்து காலுக்கு வேலையே கொடுக்காமல் இருப்பது வலியைக் கூட்டும். தொடையின் முன்பக்கத் தசை மெலிய மெலிய, முட்டிக்கு வரும் பாரத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் போகிறது. முட்டித் தேய்மானத்துக்கு முதல் சிகிச்சைகளில் ஒன்றே தசையை வலுப்படுத்துவதுதான். உயரமான இருக்கையில் தொடங்குங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையில் பொதுவான வலி இருந்தால் அது தசை வலி, மூன்று நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்துவது போன்ற வலியோ வீக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இனி சாப்பாடு. பயிற்சி தசையைத் தூண்டும், கட்டுவது புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்த அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். வயதானவர்களுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை வேண்டும் என்று முதுமை மருத்துவ வல்லுநர் குழுக்கள் சொல்கின்றன. அப்படியானால் அதே எடைக்கு 60 கிராமாவது வேண்டும்.

நம் வீட்டுச் சாப்பாட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். காலையில் நான்கு இட்லி, சாம்பார், ஒரு காபி: சுமார் 13 கிராம். மதியம் நூறு கிராம் அரிசிச் சாதம், சாம்பார், பொரியல், மோர்: 16. மாலை டீ: 3. இரவு மூன்று தோசை, சட்னி: 9. மொத்தம் 41. வயிறு நிறைந்திருக்கிறது, ஆனாலும் இருபது கிராம் குறைகிறது. இதில் சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை. பருப்பு அடியில் தங்கிவிடும். கலக்காமல் மேலாக ஊற்றிக்கொள்கிறவருக்குப் புளித்தண்ணீரும் காயும்தான் வருகின்றன. கடைசியாகச் சாப்பிட உட்காருகிற வீட்டுப் பெண்களுக்கோ சில நாள் அதுவும் மிஞ்சுவதில்லை. தசையும் எலும்பும் சேர்ந்து மெலிவது மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்குத்தான் அதிகம் என்பதால், இதை வீட்டில் எல்லோரும் கவனிக்க வேண்டும்.

அந்த இருபது கிராமைச் சேர்ப்பது கடினமில்லை. காலையில் ஒரு முட்டை 6 கிராம். முட்டை சாப்பிடாதவர்களுக்கு 200 மில்லி பாலில் அதே அளவு கிடைக்கும். சாம்பாரில் ஆளுக்கு இருபது கிராம் பருப்பு கூடப் போட்டால் 4 கிராம். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் நாற்பது கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாகச் செய்தால் 7 கிராம். இரவுத் தோசையை, பருப்பு பாதி அரிசி பாதி போட்ட அடையாக மாற்றினால் இன்னும் 3 கிராம். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு நூறு கிராம் மத்தி மீனிலேயே 18 கிராமுக்கு மேல் கிடைத்துவிடும். சாதத்தில் ஒரு கரண்டி குறைத்துக்கொண்டால் எடையும் ஏறாது. மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுவது நல்லது. வயதான தசைக்கு ஒரு வேளையில் 20 கிராமுக்கு மேல் கிடைத்தால்தான் நன்றாகத் தூண்டப்படுகிறது. இவ்வளவு கிடைத்துவிட்டால் டப்பாவில் விற்கும் புரத மாவு தேவையில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்ய வேண்டாம். வியர்வையும் படபடப்பும் வந்தால் வாயில் போட்டுக்கொள்ளச் சர்க்கரை கையருகே இருக்கட்டும். பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், தலைசுற்றல் எது வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும்; நெஞ்சழுத்தம் தணியாவிட்டால் மருத்துவமனைக்குப் போகத் தாமதிக்காதீர்கள். சமீபத்தில் மாரடைப்போ கண் அல்லது வயிற்று அறுவைச் சிகிச்சையோ ஆனவர்கள் மருத்துவர் அனுமதித்த பிறகே தொடங்கலாம்.

கடைசியாக, காய்ச்சலோ ஆஸ்பத்திரி வாசமோ வந்து படுக்க நேர்ந்தால் என்ன செய்வது? ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்த ஓர் ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்தது. ஆகவே மருத்துவர் எழ வேண்டாம் என்று சொல்லாதவரை, வேளைக்கு ஒரு தடவையாவது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பிடித்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள். அது முடியாத நாளில் படுத்தபடியே குதிகாலை இழுத்து முட்டியை மடக்கி நீட்டுங்கள். கஞ்சியோடு ஒரு முட்டையோ பருப்புத் தண்ணீருக்குப் பதில் மசித்த பருப்போ கொடுக்கச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் பழைய எண்ணிக்கையில் பாதியிலிருந்து, போர்வை போட்ட உயரமான இருக்கையில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நன்றி. வணக்கம்.