கம்பம் குறுக்கே வரவில்லை

அனைவருக்கும் வணக்கம்.

சாலைப் பாதுகாப்புக் கூட்டம் என்றால் ஹெல்மெட் போடுங்கள், சீட் பெல்ட் மாட்டுங்கள், குடித்துவிட்டு ஓட்டாதீர்கள் என்று மூன்றையும் சொல்லிவிட்டு டீ பிஸ்கட்டோடு முடித்துக்கொள்வது வழக்கம். மூன்றும் சரிதான், மறுக்கவில்லை. நான் இன்றைக்கு எடுத்துக்கொண்டது மேடையில் யாரும் பேசாத ஒரு பொருள். நடைபாதை ஓரத்தில் இரும்பிலும் சிமெண்டிலும் கருங்கல்லிலும் இடுப்புக்குக் கீழ் உயரத்தில் நட்டு வைத்திருக்கிறார்களே, அந்தத் தடுப்புக் கம்பம்.

இது ஒன்றும் புதுசில்லை. பழைய தெருக்களில் வீட்டு மூலையில் ஒரு கல்லை நட்டு வைத்திருப்பார்கள். மாட்டு வண்டி திரும்பும்போது சக்கரம் சுவரைப் பெயர்த்துவிடக் கூடாது என்பதற்காக. வண்டிக்காரர் பார்த்துத் திருப்புவார் என்ற நம்பிக்கை அன்றைக்கே கிடையாது பாருங்கள்!

எங்காவது கடைவீதியில் காத்திருக்க நேர்ந்தால், போனை உள்ளே வைத்துவிட்டு ஒரு கம்பத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கீறல் இருக்கும். அது பம்பரின் உயரம். கீறலுக்குள் வெள்ளை, வெள்ளி, கொஞ்சம் ஆட்டோ மஞ்சள் என்று பல வண்டிகளின் பெயிண்ட் ஒட்டியிருக்கும். கம்பம் நடைபாதைப் பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தால், யாரோ வண்டியை நிறுத்தும்போது இடித்தது. போக்குவரத்து ஓடும் திசையில் சாய்ந்து, அடியில் காங்கிரீட்டும் பிளந்திருந்தால், அது வேகமாக வந்து அடித்த அடி. சில கம்பங்களில் கீறல் உட்பக்கம், அதாவது நடைபாதைப் பக்கம் இருக்கும். வண்டி ஏற்கெனவே மேலே ஏறி நின்றிருந்து, இறங்கும்போது இடித்திருக்கிறது என்று அர்த்தம்.

இடித்தவர் இறங்கி வந்து கேட்கிற முதல் கேள்வி உங்களுக்கே தெரியும். "இதை யாருங்க இங்க கொண்டாந்து வெச்சது?"

நடந்து போகிறவர் மீது வண்டி மோதினால் நாம் வழக்கமாக என்ன சொல்கிறோம்? திடீரென்று குறுக்கே வந்துவிட்டார். போன் பேசிக்கொண்டே நடந்தார். இருட்டில் கறுப்புச் சட்டை போட்டிருந்தார். குடித்திருந்தார். இதில் எதையாவது கம்பத்தின் மேல் சொல்ல முடியுமா? அது குறுக்கே ஓடவில்லை. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டு, ஒளிரும் ஸ்டிக்கரும் ஒட்டி, நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறது. அதன் மீதே மோதுகிறார்கள் என்றால், அந்த நீளமான குற்றப்பட்டியலை நாம் கொஞ்சம் மடித்து வைக்க வேண்டியிருக்கிறது.

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பாதசாரிகள் 32,825. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 90 பேர். உயிர்ச்சேதம் ஆனதால் அவர்கள் கணக்கில் வந்தார்கள். சாய்ந்த கம்பம் எந்தக் கணக்கிலும் வராது. யாருக்கும் அடிபடவில்லை, ஓட்டுநர் வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கம்பம் நின்ற இடத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால் அவரும் பட்டியலில் சேர்ந்திருப்பார்.

இன்னொரு விஷயம், உயரம். இந்தக் கம்பங்கள் பெரும்பாலும் முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை இருக்கும். ஒரு வயதுக் குழந்தை எழுந்து நின்றால் ஏறக்குறைய 75 சென்டிமீட்டர். மூன்று வயதில் 95-ஐ ஒட்டி வரும். இப்போது வருகிற பெரிய எஸ்.யூ.வி. வண்டிகளின் பானெட் எவ்வளவு உயரம் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? "முன்னால கம்பம் இருந்ததே தெரியலைங்க" என்று அந்த ஓட்டுநர் சொல்வது பல சமயம் உண்மைதான். நான் நம்புகிறேன். நம்புவதால்தான் பயமாக இருக்கிறது.

சரி, வேகத்துக்கு வருவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். போனில் வந்த செய்தியை இரண்டே நொடி பார்த்தால் 33 மீட்டர் பார்க்காமலே ஓட்டியாகிவிட்டது. ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக நட்ட கம்பங்கள் என்றால், அதற்குள் இருபதுக்கு மேல் கடந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. இது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிட்டோம்.

இப்போது கொஞ்சம் பழைய கதை. 1960-களில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சோதனைத் தடங்களில் ஒரு கேள்வி எழுந்தது. வண்டி சாலையை விட்டு இறங்கினால் ஓட்டுநர் எப்படிப் பிழைப்பது? கென்னத் ஸ்டோனெக்ஸ் என்ற பொறியாளர் சொன்ன பதில் எளிமையானது. சாலை ஓரத்தில் மரம், கம்பம், பாறை எதுவும் இல்லாமல் சுத்தமாக வையுங்கள். சுமார் 30 அடி வெறும் இடம் இருந்தால், இறங்கிய வண்டிகளில் பெரும்பாலானவை தானாகவே நின்றுவிடும். தவிர்க்க முடியாத கம்பம் என்றால் இடித்ததும் ஒடிந்து விழுகிற மாதிரி செய்யுங்கள். நெடுஞ்சாலைக்கு இது அருமையான யோசனை. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இதே யோசனையை ஊருக்குள் கொண்டுவந்தபோதுதான் வந்தது வினை. ஊருக்குள் சாலையிலிருந்து 30 அடிக்குள் என்ன இருக்கிறது? பூக்காரம்மா இருக்கிறார். பஸ் ஸ்டாப் இருக்கிறது. ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் வெறும் புல்லாக விட்ட அந்த 30 அடியில் நகரத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள். அங்கே கம்பத்தை எடுத்துவிட்டால் தப்புச் செய்த வண்டி நிற்பது ஆள் மீது. காருக்குள் இருப்பவருக்கு சீட் பெல்ட் இருக்கிறது, ஏர்பேக் இருக்கிறது, அடிபட்டால் நசுங்குவதற்கென்றே செய்த முன்பக்கம் இருக்கிறது. நடப்பவருக்குச் செருப்புதான் இருக்கிறது. அதனால் நகரத்துக்குள் கம்பம் கெட்டியாக இருக்கட்டும், வண்டி நசுங்கட்டும் என்பதே என் கட்சி.

நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2017 மே 18 அன்று ஒருவர் காரை நடைபாதையில் ஏற்றி, மூன்று குறுக்குத் தெருத் தூரத்துக்கு மேல் மக்கள் மீது ஓட்டிக்கொண்டே போனார். ஒரு இளம்பெண் இறந்தார், இருபது பேருக்கு அருகில் காயம். அந்தக் காரை நிறுத்தியது போலீஸ் இல்லை. நடப்பவர்களுக்கு ஒதுக்கிய இடத்தின் ஓரத்தில் நின்ற எஃகுக் கம்பங்களில் ஏறி, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது கார். கம்பம் இல்லாத இடமெல்லாம் ரத்தம், கம்பம் தொடங்கிய இடத்தில் கார் முடிந்தது. அடுத்த ஆண்டே அந்த நகரம் இன்னும் 1,500 கம்பங்கள் நடப்போவதாக அறிவித்தது.

"போர்டு வைத்தால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்து டர்ஹாம் நகரில் ஒரு ரயில் பாலம் பதில் வைத்திருக்கிறது. அடியில் 11 அடி 8 அங்குலம்தான் இடம் இருந்தது. அதற்குமேல் உயரமான லாரிகள் வந்து வந்து இடித்துக் கூரையை உரித்துக்கொண்டு போகும். பக்கத்து அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் 2008-லிருந்து கேமரா வைத்துப் படம் பிடித்தார், நூற்றைம்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள், மஞ்சள் விளக்கு மினுக்கினார்கள், உயரமான லாரியை சென்சார் கண்டுபிடித்தால் சிக்னல் சிவப்பாக மாறும்படி செய்தார்கள். இடி நிற்கவில்லை. 2019-ல் பாலத்தையே 8 அங்குலம் தூக்கினார்கள். அதற்கப்புறமும் இடித்தவர்கள் உண்டு. இதில் கவனிக்க வேண்டியது, பாலத்துக்கு முன்னால் ஒரு இரும்பு உத்தரம் போட்டிருக்கிறார்கள். லாரி அதில்தான் இடிக்கும், ரயில் பாலத்துக்கு ஒன்றும் ஆகாது. மனிதன் கவனிக்க மாட்டான் என்று தெரிந்தே கட்டிய கட்டுமானம் அது.

இதையெல்லாம் கேட்டு ஓட்டுநர் மட்டும்தான் குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே இடத்தில் ஒரே கம்பம் திரும்பத் திரும்ப அடிபடுகிறது என்றால் சாலையில் கோளாறு இருக்கிறது. நம்மூரில் சென்டர் மீடியன் தொடங்குகிற இடங்களைப் பாருங்கள். விளக்கு இருக்காது, பெயிண்ட் அழிந்திருக்கும், இரண்டு லேன் திடீரென்று ஒன்றாகும், நடுவில் சிமெண்ட் கட்டை முளைத்திருக்கும். ராத்திரி மழையில் அதில் ஏறாமல் போவது ஓட்டுநரின் திறமை இல்லை, அதிர்ஷ்டம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, தரம் தவறிப் போட்ட சாலையால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ ஒப்பந்ததாரருக்கும் அதிகாரிக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஒரு லட்சம்! சாலை ஒப்பந்தங்களின் தொகையை வைத்துப் பார்த்தால் அது டீ செலவு. ஆனாலும் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, பயன்படுத்தலாம்.

சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டவர் நம் கோவையில் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். சாலையில் உடைந்து வருகிற எலும்புகளை நாள் முழுக்கப் பார்ப்பவர். தரமான நடைபாதை கிடைப்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் வருகிறது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அப்புறம் ஆரஞ்சு நிற ஸ்பிரிங் போஸ்ட். இடித்தால் வளைந்து நிமிரும் என்று சொல்லித்தான் வைக்கிறார்கள். நாலு பஸ் ஏறி இறங்கினால் போஸ்ட் போய், தரையில் போல்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். டூ வீலர்காரருக்கு அது புதிய ஆபத்து. லேனைப் பிரிக்க அது சரி. நடப்பவரைக் காக்க அது உதவாது.

எங்கே கெட்டியான கம்பம் நடுவது என்று கேட்டால், முதலில் தெருமுனைகளில் என்பேன். முனை அகலமாக வளைந்திருந்தால் வண்டி வேகத்தைக் குறைக்காமலே திரும்பும். அங்கே கம்பம் நட்டு வளைவைச் சுருக்கினால் ஓட்டுநர் தானாக பிரேக்கில் கால் வைப்பார்.

கடைசியாக, முன்வரிசையிலிருந்து ஒரு ஐயா சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். "நடைபாதையில் பைக் ஏறாமல் இருக்கக் கம்பத்தை நெருக்கமாக நடக்கூடாதா?" நல்ல கேள்வி. சக்கர நாற்காலி தாராளமாகப் போக 90 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். பைக்கின் ஹேண்டில்பார் 70, 80-தான் இருக்கும். நாற்காலி போகிற இடைவெளியில் பைக்கும் போகும். பைக்கைத் தடுக்கிற அளவுக்கு நெருக்கினால் நாற்காலியில் வருபவர் சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். காரைத் தடுக்கக் கம்பம் போதும் ஐயா. பைக்குக்கு போக்குவரத்துப் போலீஸ்தான் வந்து நிற்க வேண்டும்.