கால்சட்டை வடிவில் ஒரு கோயில்

வணக்கம். கிராமத்துக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். வீரமாமுனிவர் பெயர் சொல்லும் ஏலாக்குறிச்சியை எடுப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் எடுத்தது திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம். காவல்கிணறு பக்கம், காற்று ஓயாத ஊர்.

பழைய கோயில்கள் பலவும் சிலுவை வடிவில் இருக்கும், இல்லாவிட்டால் ஒரே நீளக் கூடமாக இருக்கும். வாசலில் கால் வைத்ததுமே பீடம் நேராகத் தெரியும். 1872-இல் கட்டிய வடக்கன்குளம் திருக்குடும்பக் கோயிலில் அந்த ஒரே கூடம் கிடையாது. இரண்டு கூடங்கள் தனித்தனியே தொடங்கி, சாய்வாக வந்து ஒரே பீடத்தில் சேர்கின்றன. கால்சட்டையை விரித்துப் போட்ட மாதிரி, இடுப்பில் பீடம். ஒரு காலில் வெள்ளாளர்கள், மறு காலில் நாடார்கள் உள்ளிட்ட மற்றவர்கள். இரு தரப்புக்கும் பீடம் தெரியும், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது! ஊர்ச் சண்டையைத் தீர்க்க முடியாமல் அதையே தரைப்படமாக வரைந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்போது லத்தீன் பூசை, சாமியார் மக்களுக்கு முதுகு காட்டித்தான் நிற்பார். நடுவில் ஆசி சொல்லத் திரும்பும்போது எந்தக் கால் பக்கம் முதலில் திரும்பியிருப்பார்?

இத்தனைக்கும் 1745-இல் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் படையில் இருந்த டச்சுக்காரர் டிலனாய் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்து, ஞானஸ்நானம் வாங்க வந்தது இந்த ஊருக்குத்தான். இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்கு வைத்த பெயர் தேவசகாயம். சாதி பாராமல் பழகினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் ஞானஸ்நானம் வாங்கிய ஊரில் 127 வருஷம் கழித்து இந்தக் கால்சட்டை.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று? 1910-இல் உள்ளே இருந்த தடுப்பை எடுத்துவிட்டார்கள். தனியிடத்தை இழந்தவர்கள் சும்மா இருப்பார்களா, வழக்குப் போட்டார்கள். மைக்கேல் பிள்ளைக்கும் பார்த்தே என்பவருக்கும் நடந்த அந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று, கோயிலுக்குள் சாதிக்கென்று தனி உரிமை கேட்டது அங்கே எடுபடவில்லை.

2022-இல் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது வாசித்த பெயரில் 'பிள்ளை' இல்லை, அதற்கு முன்பே வத்திக்கான் எடுத்துவிட்டிருந்தது. பெயரிலிருந்து எடுப்பது சுலபம். சுவரைத் திருப்பி வைக்க முடியாதே. தடுப்பு போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, கூடங்கள் இன்னும் அதே சாய்வில்தான் நிற்கின்றன. போனால் ஒரு கூடத்தின் கடைசி வரிசையில் நின்று பாருங்கள். பீடம் நன்றாகத் தெரியும்.