முதலிடம் பிடித்த ஆண்டில் மூடப்பட்ட அணி

வணக்கம் நேயர்களே.

2002 ஜனவரி 8. அமெரிக்காவின் கால்பந்து லீக்கான மேஜர் லீக் சாக்கர் அமைப்பு, தன்னிடமிருந்த 12 அணிகளில் இரண்டை இனி நடத்தப்போவதில்லை என்று அறிவித்தது. இரண்டுமே ஃபுளோரிடா மாநிலத்து அணிகள். ஒன்று தாம்பா பே மியூட்டினி. முந்தைய பருவத்தில் நான்கே ஆட்டங்களில் வென்று, பட்டியலின் அடியில் கிடந்தது. சரி, அதை மூடியதில் வியப்பில்லை. இன்னொன்று மயாமி ஃபியூஷன். அதே பருவத்தில் பட்டியலின் உச்சியில் இருந்த அணி! அதையும் ஏன் மூடினார்கள்? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1994-ல் உலகக் கோப்பைக் கால்பந்து அமெரிக்காவில் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1996-ல் பத்து அணிகளோடு இந்த லீக் தொடங்கியது. அடுத்த ஆண்டே சிகாகோவுக்கும் மயாமிக்கும் புதிய அணிகள் என்று அறிவித்தார்கள். மயாமி அணிக்கு 2 கோடி டாலர் கட்டணம் செலுத்தி உள்ளே வந்தவர் கென் ஹோரோவிட்ஸ் என்ற தொழிலதிபர்.

அந்தப் பணத்துக்கு அவருக்கு என்ன கிடைத்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரு கிளப் என்றால் அது தனி நிறுவனம். வீரரை வாங்கும், விற்கும், கடன்பட்டால் கீழ்ப்பிரிவுக்குப் போய்க்கூடப் பிழைத்துக்கொள்ளும். இங்கே அப்படியில்லை. லீக் முழுவதுமே ஒரே நிறுவனம். வீரர்களின் ஒப்பந்தங்கள் எல்லாம் லீக்கின் கையில். பணம் போட்டவர் லீக்கில் ஒரு பங்குதாரர். ஓர் அணியை நடத்தும் உரிமை அவருக்கு உண்டு, அவ்வளவுதான். வீரர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்றார்கள். அமெரிக்காவில் இதற்கு முன் இருந்த பெரிய லீக், அணிகள் போட்டி போட்டுச் செலவழித்ததால் 1980-களில் கவிழ்ந்தது. அந்தப் பயத்தில் பிறந்த ஏற்பாடு இது. செலவைக் கட்டுப்படுத்தியது உண்மை. ஆனால் லீக் கைவிட்டால் அணிக்குப் போக்கிடமே கிடையாது.

ஃபியூஷனின் முதல் சிக்கல் மைதானம். மயாமியின் புகழ்பெற்ற ஆரஞ்ச் பவுல் மைதானத்தில் ஆடுவதாகத்தான் திட்டம். வாடகைப் பேச்சுவார்த்தை முறிந்தது. ஹோரோவிட்ஸ் அணியை வடக்கே ஃபோர்ட் லாடர்டேல் நகருக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்தது லாக்ஹார்ட் ஸ்டேடியம், பள்ளி மாணவர்கள் ஆடுவதற்காகக் கட்டிய சின்ன மைதானம். அதைச் செலவு செய்து செப்பனிட்டு, கால்பந்துக்கு ஏற்றதாக மாற்றினார்கள். மற்ற அணிகள் அமெரிக்கப் பாணிக் கால்பந்துக்கான ராட்சத மைதானங்களில் காலி நாற்காலிகளுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்த காலம் அது. எனவே ஆட்டத்துக்கு இது நல்ல இடம். ஆனால் பெயரில் மயாமி, ஆடுவதோ வேறொரு கவுண்டியில். லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய கால்பந்து ரசிகர்கள் நிறைந்த நகரத்தை விட்டு விலகியது, என் கணிப்பில், அணிக்குப் பெரிய இழப்பு.

1998 மார்ச்சில் முதல் ஆட்டம். மைதானம் நிரம்பி வழிந்தது. எதிரணியான, வாஷிங்டன் நகரத்து டி.சி. யுனைடெட் 2-0 என்று வென்றது. கூட்டம் வந்ததற்கு முக்கியக் காரணம் கார்லோஸ் வால்டெராமா. புதர்போல விரிந்த பொன்னிறச் சுருள் முடியோடு கொலம்பியாவுக்காக மூன்று உலகக் கோப்பைகளில் ஆடிய நடுக்கள மேதை. அவரைத் தாம்பா பேயிடமிருந்து மயாமிக்கு மாற்றியிருந்தார்கள். ஆனால் பயிற்சியாளர் இவோ வோர்ட்மனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1999-ல் அவர் தாம்பாவுக்கே திரும்பினார். அடுத்த ஆண்டு அங்கே கோலுக்கு வழிவகுத்த பாஸ்கள் மட்டும் 26 கொடுத்தார்! மயாமிக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

இடையில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்தில் இந்த லீக்கில் ஆட்டம் சமனில் முடியவே முடியாது. சமனாக இருந்தால், வீரர் 35 கஜம் தள்ளி நின்று பந்தை ஓட்டிக்கொண்டு வந்து, ஐந்து விநாடிக்குள் கோல்கீப்பரைத் தாண்டி அடிக்க வேண்டும். அமெரிக்க ரசிகருக்குச் சமன் பிடிக்காது என்று யாரோ முடிவு செய்ததன் விளைவு. 2000-ல்தான் கைவிட்டார்கள்.

அதே 2000-ல் வோர்ட்மன் விலக, நிர்வாகம் எடுத்த முடிவு நம்மைப் போல மைக் முன்னால் உட்காருபவர்களுக்குப் பிடிக்கும். அணியின் ஆட்டங்களுக்கு வர்ணனை செய்துகொண்டிருந்த ரே ஹட்சனைத் தலைமைப் பயிற்சியாளராக்கினார்கள். இங்கிலாந்துக்காரர். நியூகாசிலில் ஆடியவர், பிறகு ஃபோர்ட் லாடர்டேல் ஸ்டிரைக்கர்ஸ் அணிக்காக இதே லாக்ஹார்ட் மைதானத்தில் ஆடியவர். அந்த ஆண்டு, லீக்குக்கு வெளியே உள்ள அணிகளும் ஆடும் யு.எஸ். ஓப்பன் கோப்பைக் கால்பந்தின் இறுதிப் போட்டி வரை அணி போனது. சிகாகோவிடம் 2-1 என்று தோற்றது.

அப்புறம் வந்தது 2001. ஹட்சன் தற்காப்பைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் அணியை அவிழ்த்துவிட்டார். இங்கிலாந்தின் இயன் பிஷப், யூகோஸ்லாவியாவில் பிறந்த பிரெகி என்று முப்பதைத் தாண்டிய கைதேர்ந்தவர்கள் நடுக்களத்தில். முன்னால் கொலம்பியாவின் டியேகோ செர்னா, ஹோண்டுராஸின் அலெக்ஸ் பினேடா சாக்கோன். 26 ஆட்டங்களில் 16 வெற்றி, 53 புள்ளி. பினேடா சாக்கோன் 19 கோல் அடித்து லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானார். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களை ரத்து செய்தார்கள். பட்டியலில் முதலிடத்துக்கான சப்போர்ட்டர்ஸ் ஷீல்டு மயாமிக்கு. சாம்பியன் பட்டத்துக்காக அடுத்து நடக்கும் சுற்றின் அரையிறுதியில் சான் ஹோசேயுடன் ஆளுக்கொரு வெற்றி. மூன்றாவது ஆட்டம் சொந்த மைதானத்தில். கூடுதல் நேரத்தில் சான் ஹோசேயின் டிராய் டயக் அடித்த தங்க கோல், அதாவது அடித்தவுடனே ஆட்டத்தை முடித்துவிடும் கோல், கதையை முடித்தது. மயாமி ஃபியூஷன் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான்.

கூட்டம் வரவில்லை, அதனால் மூடினார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது முழுக் காரணமாகத் தெரியவில்லை. 2000-ல் சராசரியாக ஆட்டத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் பேர் வந்தார்கள்; 2001-ல் பதினோராயிரத்தைத் தாண்டியது. ஏறுமுகம்தான். ஆனால் சீசன் டிக்கெட் விற்பனையும் விளம்பர வருமானமும் மெலிந்தே இருந்தன. அதைவிட முக்கியம், லீக் முழுவதுமே நஷ்டத்தில் ஓடியது. பிலிப் அன்ஷூட்ஸ், லாமர் ஹண்ட் போன்ற பெரும் செல்வந்தர்கள் ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னும் பல ஆண்டு நஷ்டத்தைச் சுமக்க அவர்களால் முடியும். ஹோரோவிட்ஸ் அந்த வரிசையில் உள்ளவர் அல்ல. மேலும் பணம் போட அவர் தயாராக இல்லை. தாம்பாவுக்கோ முதலாளியே கிடையாது, லீக்தான் நடத்தியது. ஆக, அந்த ஜனவரியில் புள்ளிப் பட்டியலை யாரும் புரட்டவில்லை. யார் பின்னால் பணம் இருக்கிறது என்று மட்டும் பார்த்தார்கள். லீக் பிழைத்ததற்கு அந்த முடிவும் ஒரு காரணம் என்று வாதிடலாம். 2025-ல் 30-ஆவது அணியாக இறங்கிய சான் டியேகோ கட்டிய நுழைவுக் கட்டணம் 50 கோடி டாலர். ஹோரோவிட்ஸ் கட்டியதைப் போல 25 மடங்கு.

ஃபுளோரிடாவுக்கு அடுத்த அணி கிடைக்க 2015 வரை, ஆர்லாண்டோ வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. லாக்ஹார்ட் மைதானத்தை 2019-ல் இடித்தார்கள். அந்த இடத்தில் எழுந்த புதிய மைதானத்தில்தான் டேவிட் பெக்கம் பங்குதாரராக உள்ள இன்டர் மயாமி ஆடியது. 2023 ஜூலையில் மெஸ்ஸி தன் முதல் ஆட்டத்திலேயே ஃப்ரீ கிக்கில் கோல் அடித்ததும் அங்கேதான். வர்ணனைக்குத் திரும்பிய ரே ஹட்சன், ஸ்பெயினில் மெஸ்ஸி ஆடிய காலத்தில் அவரைத் தொண்டை கிழியப் பாடிப் புகழ்ந்தே உலகப் பெயர் பெற்றிருந்தார்.

மூடப்பட்ட ஃபியூஷனின் வீரர்களை மற்ற அணிகள் பங்கு போட்டுக்கொண்டன. பாப்லோ மாஸ்ட்ரோயேனி கொலராடோவுக்குப் போனார். அதே 2002-ல் உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்காக ஆடினார். கோல்கீப்பர் நிக் ரிமாண்டோ டி.சி. யுனைடெட்டுக்குப் போய், 2019 வரை கையுறையைக் கழற்றவில்லை. மயாமியில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கைல் பெக்கர்மன் என்ற பையன் 2014 உலகக் கோப்பையில் ஆடினார். 2020 பருவம் வரை களத்தில் இருந்தார். அணி கடைசியாக ஆடி அப்போது 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. நன்றி, வணக்கம்.